சேலத்திலிருந்து நீராவி மலை ரயில்: டிக்கெட் எடுப்பதில் ஆரம்பித்து வீடு திரும்பும் வரை

ஏற்காட்டுக்கு ஏன் ரயில் இல்லை என்று என் மகள் கேட்டது, இருபது கொண்டை ஊசி வளைவுகளில் பாதி ஏறி, ஓரமாக வண்டியை நிறுத்தி, வாந்தி எடுத்து, வாய் கொப்பளித்து முடித்த பிறகு. சேலத்தில் வளரும் எல்லாப் பிள்ளைகளும் ஒரு வயதில் இதைக் கேட்பார்கள். ஊட்டிக்கு இருக்கிறது, நமக்கு ஏன் இல்லை? நான் பதில் சொல்வதற்குள் பின் சீட்டில் இருந்த என் அப்பா, "அந்த ரயிலையே போய்ப் பார்த்துட்டு வந்துடலாம், உனக்கே புரியும்" என்றார். அவர் சின்ன வயதில் சேலம் டவுன் ஸ்டேஷனில் விருத்தாசலம் மீட்டர் கேஜ் வண்டியின் கரி இன்ஜினைப் பார்த்து வளர்ந்தவர். அந்தப் பாதை அகலப் பாதையாகி வருஷங்கள் ஆகிவிட்டன, அவர் மூக்கில் மட்டும் அந்தப் புகை வாசனை போகவில்லை.

அப்படித்தான் போனோம். ஒரு தடவை தப்பாகப் போய், அப்புறம் சரியாகப் போய், இப்போது சொந்தக்காரர்கள், ஆபீஸில் இருப்பவர்கள் என்று யார் மலை ரயிலைப் பற்றிக் கேட்டாலும் என்னிடம்தான் அனுப்புகிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்வதை விட எழுதி வைத்துவிடலாம் என்று இது.

முதலில் ஒரே ஒரு விஷயத்தை மனதில் போட்டுக்கொள்ளுங்கள், மற்றதெல்லாம் இதற்குப் பிறகுதான். நீராவி இன்ஜின் ஓடுவது மேட்டுப்பாளையத்துக்கும் குன்னூருக்கும் நடுவில் மட்டும். குன்னூரில் அதைக் கழற்றிவிட்டு டீசல் இன்ஜின் மாட்டிவிடுவார்கள், ஊட்டி வரைக்கும் டீசல்தான். ஊட்டியில் ரூம் போட்டுத் தங்கிவிட்டு, டிக்கெட் சுலபமாகக் கிடைக்கிறது என்று குன்னூர் வரை ஒரு நடை போய் வந்து, மலை ரயில் பார்த்தாச்சு என்று சொல்பவர்கள் நம் ஊரில் நிறைய. அதுவும் அழகான பாதைதான், குறை சொல்லவில்லை. ஆனால் நீராவியும் இல்லை, பல் சக்கரமும் இல்லை, மலை ஏறுகிற அந்த மூச்சிரைப்பும் இல்லை. அதனால் டிக்கெட் எடுக்கும்போது எந்த ஊருக்கு என்பதை விட, மேட்டுப்பாளையம் – குன்னூர் துண்டு அதில் இருக்கிறதா என்றுதான் பார்க்க வேண்டும்.

இன்னொன்று, இது நமக்கு அந்நிய ரயில் இல்லை. 2007 நவம்பரில் சேலம் ரயில்வே கோட்டம் உருவானபோது மேட்டுப்பாளையம் – ஊட்டி பாதையும் அதில்தான் வந்தது. சூரமங்கலத்தில் இருக்கும் கோட்ட அலுவலகத்துக்குக் கீழேதான் அந்த மலை ரயில் ஓடுகிறது. மண் சரிந்து ரயில் ரத்து என்றாலும், கோடைக்குச் சிறப்பு ரயில் என்றாலும் அறிவிப்பு சேலம் கோட்டத்திலிருந்துதான் வரும், நம் ஊர்ப் பதிப்புப் பேப்பரிலேயே பார்க்கலாம்.

சரி, டிக்கெட். தினமும் காலை 7.10 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து மேலே ஒரு வண்டி, மதியம் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து கீழே ஒரு வண்டி. முழுப் பாதைக்கும் இவ்வளவுதான். பெட்டிகள் குறைவு, கேட்பவர்கள் அதிகம். இப்போது 60 நாளுக்கு முன்பிருந்து முன்பதிவு செய்யலாம், காலை 8 மணிக்குத் திறக்கும். பள்ளி விடுமுறை, பொங்கல், தொடர் லீவு வருகிற நாட்களுக்கு எட்டு மணிக்கே உட்கார்ந்தால்தான் உண்டு. ஐ.ஆர்.சி.டி.சி. கணக்கில் ஆதார் சரிபார்ப்பை ஒரு வாரம் முன்பே முடித்து வைத்துவிடுங்கள், அது இல்லாத கணக்கில் முன்பதிவு திறந்தவுடன் டிக்கெட் எடுக்க முடியாது. ஊட்டி என்று தேடாமல் உதகமண்டலம் என்று தேடுங்கள், அதன் குறியீடு யூஏஎம், மேட்டுப்பாளையத்துக்கு எம்டிபி. ஊட்டி வரை இடம் இல்லை என்று காட்டினால் குன்னூர் வரை போட்டுப் பாருங்கள், அங்கே இறங்கிப் பஸ்ஸில் ஊட்டி போய்க்கொள்ளலாம். நீராவிப் பகுதி முழுவதும் அதற்குள் முடிந்துவிடும் என்பதால் ஒன்றும் நஷ்டமில்லை. வெயிட்டிங் லிஸ்ட்டை நம்பிக் குடும்பத்தோடு கிளம்ப வேண்டாம். முன்பதிவில்லாத இடங்கள் கொஞ்சம் உண்டு, தனியாகப் போகிறவர், விடியும் முன்பே போய் வரிசையில் நிற்கத் தயாராக இருப்பவர் முயற்சி செய்யலாம். எழுபது தாண்டிய அப்பாவை வைத்துக்கொண்டு நான் அதைச் செய்ய மாட்டேன்.

பெரியவர்களுக்கு என்று இருந்த கட்டணச் சலுகை 2020 மார்ச்சில் நின்றது நின்றதுதான், அதைக் கணக்கில் வைத்துப் பட்ஜெட் போடாதீர்கள்.

இப்போது சேலத்துக்காரர்கள் மட்டும் மாட்டிக்கொள்கிற ஒரு சிக்கல். காலை 7.10 வண்டியைப் பிடிக்க நமக்கு வசதியானது நீலகிரி எக்ஸ்பிரஸ். அது சென்னையில் இரவு ஒன்பது மணி வாக்கில் கிளம்பி, சேலம் ஜங்ஷனுக்கு நடுராத்திரி தாண்டி ஒன்றரை மணி வாக்கில் வரும், மேட்டுப்பாளையத்துக்கு ஆறேகால் வாக்கில் போய்ச் சேரும். நாம் என்ன சொல்வோம்? வெள்ளிக்கிழமை ராத்திரி கிளம்புகிறோம் என்போம். ஆனால் ரயில் சேலத்தில் நிற்கும்போது தேதி சனிக்கிழமை ஆகிவிட்டது. டிக்கெட் சனிக்கிழமைக்குத்தான் எடுக்க வேண்டும். நான் முதல் தடவை வெள்ளிக்கிழமை என்று போட்டுவிட்டேன். வெள்ளி இரவு பன்னிரண்டரைக்குப் பிளாட்பாரத்தில் புளிசாதப் பையோடு உட்கார்ந்து செல்லில் பி.என்.ஆர். பார்க்கும்போதுதான் தெரிகிறது, நம் ரயில் இருபத்து மூன்று மணி நேரத்துக்கு முன்பே போய்விட்டது. மகளுக்குத் தூக்கம், அழுகை. அப்பா ஒரு வார்த்தை பேசவில்லை, பையைத் தூக்கிக்கொண்டு படியேறினார், அதுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது. மலை ரயில் டிக்கெட் சனிக்கிழமைக்குச் சரியாக இருந்தது, நாங்கள்தான் போய்ச் சேர முடியவில்லை.

அதனால் இரண்டு டிக்கெட்டையும் பக்கத்தில் வைத்துத் தேதி பாருங்கள். சேலத்தில் ஏறும் தேதியும் மலை ரயில் தேதியும் ஒன்றாகவே இருக்க வேண்டும். திரும்பும்போது இந்தக் குழப்பம் இல்லை, அந்த ரயில் மேட்டுப்பாளையத்தில் ஒன்பது மணி வாக்கில் கிளம்புவதால் அன்றைய தேதிதான். திருச்செங்கோடு, சங்ககிரி பக்கம் இருப்பவர்கள் சேலம் வர வேண்டாம், ஈரோட்டில் ஏறலாம், இன்னும் ஒரு மணி நேரம் தூங்கலாம்.

சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ இருந்தால் என் யோசனை வேறு. முந்தின நாள் மதியமே கோயம்புத்தூர் வழியாக மேட்டுப்பாளையம் போய், ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் ஒரு ரூம் எடுத்துத் தூங்கிவிடுங்கள். இரண்டாம் தடவை நாங்கள் இப்படித்தான் போனோம். ராத்திரி ஒன்றரைக்கு ஏறி ஆறேகாலுக்கு இறங்கினால் அது தூக்கத்தில் சேர்த்தியில்லை, அந்தக் கண்ணோடு மலை ஏறினால் நடுவழியில் இருக்கும் ஹில்குரோவ் ஸ்டேஷன் வருவதற்குள் பாதிக் குடும்பம் தூங்கிவிடும். வண்டியில் போகலாம் என்று அவிநாசி, அன்னூர் வழியாகக் காரை எடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: காரை மேட்டுப்பாளையத்திலேயே விட்டுவிட்டு ரயிலில் ஏறினால் இ-பாஸ் என்கிற இணைய அனுமதிச் சீட்டு தேவையில்லை. காரோடு மலை ஏறுவதாக இருந்தால்தான் அது வேண்டும், 2024 மே மாதத்திலிருந்து அப்படி.

பையில் என்ன வைப்பது என்று சுருக்கமாகச் சொல்கிறேன். பெரிய சூட்கேஸ் வேண்டாம், பெட்டிக்குள் அதற்கு இடமே கிடையாது, முழங்கால் முட்டுகிற அளவுக்குத்தான் சீட். தண்ணீருக்கு ஸ்டீல் பாட்டில், ஏனென்றால் நீலகிரியில் பிளாஸ்டிக் பாட்டிலுக்குத் தடை. பெட்டியில் கழிவறை கிடையாது, ஏறுவதற்கு முன்பே ஸ்டேஷனில் எல்லோரையும் அனுப்பிவிடுங்கள், நடுவில் நிற்கும் ஸ்டேஷனைத்தான் அதற்கு நம்பியிருக்க வேண்டும். மேட்டுப்பாளையத்தில் வேர்க்கும், குன்னூரில் குளிரும், ஸ்வெட்டர் கைக்கு எட்டுகிற இடத்தில் இருக்கட்டும். சாப்பிட எங்கள் வீட்டில் தட்டுவடை செட் வேண்டும் என்று ஒரே பிடிவாதம். செட்டாக வாங்கினால் ஒரு மணி நேரத்தில் நமுத்துவிடும், அதனால் தட்டுவடையைத் தனியாக டப்பாவில், துருவிய பீட்ரூட் கேரட்டைத் தனியாக, சட்னி இரண்டையும் குட்டி டப்பாக்களில் எடுத்துப் போய் அங்கேயே செட் போட்டோம். எதிர் சீட்டில் இருந்த மதுரைக் குடும்பத்துக்கும் கொடுத்தோம், அவர்கள் அதற்கு முன்னால் சாப்பிட்டதில்லை. ஜன்னலுக்கு வெளியே மட்டும் நீட்டிச் சாப்பிடாதீர்கள், ஹில்குரோவ் குரங்குகளுக்குச் சேலம் ருசி நன்றாகவே தெரியும்.

காலையில் அரை மணி நேரம் முன்னதாகவே பிளாட்பாரத்துக்குப் போய்விடுங்கள், இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்வேன். சீட்டில் சாமானை வைத்துவிட்டு நேராக ரயிலின் பின்பக்கம் நடந்து போங்கள். இன்ஜின் பின்னால்தான் இருக்கும். மேலே ஏறும்போது அது இழுப்பதில்லை, தள்ளுகிறது. ஏதாவது கழன்றால் பெட்டி பின்னால் உருண்டு போகாமல் இன்ஜின் தாங்கிக்கொள்ளும், அதற்காகத்தான் இந்த ஏற்பாடு. நாங்கள் போனபோது ஒருவர் நீள மூக்கு வைத்த எண்ணெய்க் குவளையோடு குனிந்து, ஒவ்வொரு மூட்டாகத் தேடித் தேடி எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். சக்கரங்களுக்கு மேலே கம்பிகள், தடிகள், அவற்றின் மேல் ஈரமாக நீராவி படிந்து சொட்டுகிறது. அப்பா பக்கத்தில் போய் நின்று கண்ணை மூடி மூச்சை இழுத்தார். "கரி வாசனை இல்லையே" என்றார். இல்லைதான், இந்த இன்ஜின்களில் பெரும்பாலானவை இப்போது எண்ணெய் எரிப்பவை. ஆனால் திருச்சி பொன்மலை பணிமனையில் 2021இல் நிலக்கரியில் ஓடுகிற புது இன்ஜின் ஒன்றையே இந்தப் பாதைக்காகச் செய்து அனுப்பினார்கள். ஒரு காலத்தில் சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரிலிருந்து கப்பலில் வந்த இன்ஜின் வகை அது, இப்போது பொன்மலையில் நம் ஆட்கள் கையால் உருவாகிறது என்பதை அப்பாவிடம் சொன்னபோது அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே.

எந்தப் பெட்டி நல்லது என்று கேட்கிறார்கள். முதல் வகுப்பு வழக்கமாக முன்னால் இருக்கும், முன்னே பாதை விரிவதைப் பார்க்கலாம், இடமும் தாராளம். ஆனால் இன்ஜின் சத்தத்தைக் கேட்க வேண்டும் என்றால் இரண்டாம் வகுப்பில் கடைசிப் பெட்டிதான். எனக்கு அதுதான் பிடிக்கும். படம் எடுக்க வருகிறவர்கள் முன்னால் போகட்டும், நீராவிக்காக வருகிறவர்கள் பின்னால் உட்காருங்கள்.

கல்லார் வரை ஏழெட்டுக் கிலோமீட்டர் சமதளம், பாக்கு மரத் தோப்புகள், சாதாரண ரயில் மாதிரிதான் போகும். கல்லாரைத் தாண்டியதும் வண்டி சட்டென்று வேகம் குறைந்து, கீழேயிருந்து ஒரு புதுச் சத்தம் கேட்கும். அப்போது பிள்ளைகளைப் பேச்சை நிறுத்திக் கேட்கச் சொல்லுங்கள். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவில் பல் வெட்டிய இரும்புப் பட்டைகள் இரண்டு பதித்திருப்பார்கள், ஒன்றின் பல்லுக்கு நேரே மற்றதன் பள்ளம் வருகிற மாதிரி. இன்ஜினுக்கு அடியில் இருக்கும் பல் சக்கரம் அதில் கடித்துக்கொள்ளும், எப்போதும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருந்துகொண்டே இருக்கும். இன்ஜினில் நான்கு சிலிண்டர்கள். அவற்றில் இரண்டு, சாதாரணச் சக்கரங்களை ஓட்டுகின்றன, அங்கே வேலை செய்துவிட்டு வரும் அதே நீராவியை வீணாக்காமல் மற்ற இரண்டுக்கு அனுப்பிப் பல் சக்கரத்தைச் சுற்றுகிறார்கள். 1899இல் குன்னூர் வரை திறந்த பாதை இது, வேலை ஆரம்பித்தது 1891இல். ஊட்டிக்கு 1908இல்தான் போய்ச் சேர்ந்தது. 2005இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது.

ஏற்றம் எவ்வளவு தெரியுமா, பன்னிரண்டு அடி முன்னால் போனால் ஒரு அடி மேலே. சாதாரண ரயில் சக்கரம் இதில் வழுக்கிவிடும். மகளுக்கு அதைப் புரிய வைக்க, அப்பா தட்டுவடை டப்பாவைச் சாய்த்து வைத்து மூடியின் மேல் ஒரு காசை உருட்டிக் காட்டினார். பொம்மிடி, லோக்கூர், தானிஷ்பேட்டை என்று சேர்வராயன் மலையின் காலடியைச் சுற்றிக்கொண்டு போகிறதே நம் ரயில் பாதை, அது ஏன் மலை மேல் ஏறாமல் ஓரமாகவே போய்விடுகிறது என்று அவளுக்கு அங்கே விளங்கியது. மலை ஏற வேண்டுமென்றால் பல் வேண்டும், பல் பதித்தால் இந்த வேகம்தான், மணிக்குப் பதின்மூன்று கிலோமீட்டர். மொத்தம் 46 கிலோமீட்டர் போக ஐந்து மணி நேரம் ஆகிறது என்றால் காரணம் இதுதான்.

போகும்போது இன்னொன்றையும் கவனியுங்கள். ஒவ்வொரு பெட்டியின் முன் வாசலிலும் ஒரு பிரேக்ஸ்மேன் நின்றுகொண்டே வருவார், கையில் கொடி. டிரைவர் ரயிலின் கடைசியில் இருக்கிறார், முன்னால் என்ன இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. முன்னால் இருப்பவர் காட்டுகிற கொடியை அடுத்த பெட்டிக்காரர் பார்த்து, அவரை அதற்கடுத்தவர் பார்த்து, கடைசியில் டிரைவருக்குப் போகிறது. மழையோ வெயிலோ அவர்கள் உட்காருவதில்லை. செல்ஃபிக்காக அவர்களை நகரச் சொல்லாதீர்கள், நம் உயிர் அந்தக் கையில் இருக்கிறது.

ஹில்குரோவ், ரன்னிமேடு போன்ற இடங்களில் இன்ஜினுக்குத் தண்ணீர் பிடிக்க நிற்பார்கள். அந்தச் சில நிமிஷம் நமக்கும் இறங்கி டீ குடிக்க, கால் நீட்ட, இன்ஜினைப் பக்கத்தில் போய்ப் பார்க்க. தொட்டியிலிருந்து தண்ணீர் இறங்கும் சத்தம், கொதிகலன் பொருமுவது, நடுவில் விசில். விசில் அடித்ததும் ஏறிவிடுங்கள். பாதை முழுவதும் 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள். குகைக்குள் போகும்போது பெட்டி முழுக்கக் கத்துவார்கள், நீங்களும் கத்துங்கள், அது அங்கே வழக்கம். வளைவு வரும்போது ஜன்னலில் தலையை நீட்டி இன்ஜினைப் பார்க்க ஆசை வரும், பாறை அவ்வளவு பக்கத்தில் உரசிப் போகும் என்பதால் உள்ளேயிருந்தே பாருங்கள்.

குன்னூருக்குப் பத்தரை மணி வாக்கில் போய்விடும். இன்ஜின் மாற்றுவதை இறங்கி நின்று பாருங்கள். அதற்குப் பிறகு வெல்லிங்டன், அரவங்காடு, கேத்தி, லவ்டேல், பன்னிரண்டு மணிக்கு ஊட்டி. கேத்திப் பள்ளத்தாக்கு வரும்போது விழித்திருங்கள், அவ்வளவுதான் சொல்வேன்.

மேலே போக டிக்கெட் கிடைக்காதவர்கள் 2 மணிக்கு ஊட்டியிலிருந்து இறங்கும் வண்டியைப் பாருங்கள். அதிலும் குன்னூரிலிருந்து கீழே நீராவிதான், மாலை ஐந்தரை மணி வாக்கில் மேட்டுப்பாளையம். இறங்கும்போது இன்ஜின் முன்னால் நின்று வண்டியைப் பிடித்துப் பிடித்து இறக்கும், ஏறும்போது வருகிற அந்த உழைப்புச் சத்தம் இருக்காது. ஒரு பக்கம்தான் கிடைக்கும் என்றால் ஏற்றத்தைத்தான் எடுக்கச் சொல்வேன்.

எந்த மாதம் என்றால், அக்டோபர் பாதியிலிருந்து டிசம்பர் வரை தவிர்த்துவிடுங்கள். குன்னூர்ச் சரிவு கிழக்கே பார்த்தது, வடகிழக்குப் பருவமழை நேராக வந்து அடிக்கும், பாறையும் மரமும் மண்ணும் தண்டவாளத்தில் விழுந்து நாள்கணக்கில் ரயில் நிற்கும். எந்த மாதமாக இருந்தாலும் முந்தின நாள் மாலை ரயில் ஓடுகிறதா என்று பார்த்துவிட்டுத்தான் கிளம்ப வேண்டும். ரயிலையே ரத்து செய்துவிட்டால் இணையத்தில் எடுத்த டிக்கெட்டுக்குப் பணம் தானாகத் திரும்பிவிடும், ரூமுக்குக் கொடுத்தது திரும்பாது, அதனால் ரத்து செய்யக்கூடிய ரூமாகப் போடுங்கள். ஏப்ரல், மே மாதங்களில் சிறப்பு ரயில் விடுவார்கள், கட்டணம் கூடுதல், ஆனால் இடம் கிடைக்க வாய்ப்பு உண்டு. எனக்குப் பிடித்தது ஜனவரிக் கடைசி, பிப்ரவரி. கூட்டம் குறைவு, காலையில் பனிக்குள் நீராவி கலந்து எது எது என்று தெரியாமல் நிற்கும்.

திரும்பி வர, கீழே இறங்கும் ரயிலில் வந்தீர்கள் என்றால் மேட்டுப்பாளையத்தில் மூன்று மணி நேரத்துக்கு மேல் இருக்கும். ஸ்டேஷனிலேயே மலை ரயிலுக்கு ஒரு சின்ன அருங்காட்சியகம் இருக்கிறது, திறந்திருந்தால் பாருங்கள். அப்புறம் நிதானமாகச் சாப்பிட்டுவிட்டு நீலகிரி எக்ஸ்பிரஸ் ஏறலாம். அவசரமென்றால் கோயம்புத்தூர் போய்ச் சேலம் பஸ் பிடிக்கலாம். ரயிலில் வருபவர்கள் ஈரோட்டில் அலாரம் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊர் நடுராத்திரி வாக்கில்தான் வரும், வண்டி ரொம்ப நேரம் நிற்காது. நாங்கள் இறங்கும்போது மகள் என் தோளில் தூங்கிக்கொண்டிருந்தாள், அப்பா பையைச் சுமந்துகொண்டு முன்னால் நடந்தார், அவர் சட்டையில் லேசாகப் புகை வாசனை இருந்தது.